தொண்ணூற்றொன்றாம் நாள்!

வகுப்பிலே முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுவனைச் சில நாட்களாகக் காணோம். கேட்டோம். "அவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது ஐயா, அவன் பட்டறைக்குப் போகிறான்" என்றனர் உடன் பயில்வோர். தந்தை இழந்தது வேலையை. மைந்தன் இழந்ததோ பள்ளியை! ஆலைக் கதவு அடைபடும் ஓசை கரும்பலகை வரையிலே கேட்கிறது, தோழர்களே!

வேலை இழந்தோருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஏட்டிலே! இ.எஸ்.ஐ. கழகம் 2018 ஜூலை 1 முதல் ஒரு திட்டம் நடத்தத் தொடங்கிற்று. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். பெயரைப் புரிந்து கொள்ளவே தமிழ்த் தொழிலாளி துணைக்கு ஆள் தேட வேண்டும்! சராசரி நாட்கூலியில் 25 விழுக்காடு. மிகுந்தால் 90 நாள். அதுவும் ஆயுளில் ஒரே முறை!

2020-இல் கொரோனா நாட்டை முடக்கிற்று. 25 விழுக்காடு 50 ஆயிற்று. வேலை போனபின் காத்திருக்க வேண்டிய 90 நாள் 30 ஆயிற்று. முதலாளியின் வழியாக அன்றி, தொழிலாளியே நேரில் விண்ணப்பிக்கலாம் என்றனர். நல்லவை, பாராட்டத் தயங்கோம். பின்னர் திட்டத்தை நீட்டித்தோம், நீட்டித்தோம் என்று பன்முறை அறிவித்தனர். நீண்டது எது? திட்டத்தின் ஆயுள்! தொழிலாளியின் 90 நாள் ஒரு நாளேனும் நீண்டதா? இல்லை! தொண்ணூறாம் நாள் எரிந்த அடுப்பு, தொண்ணூற்றொன்றாம் நாள் எதனால் எரியும்?

அதே கழகம் 2005-இல் தொடங்கிய மற்றொரு திட்டம், ஆலை மூடப்பட்டோர்க்கும் ஆட்குறைப்புக்கு ஆளானோர்க்கும் 24 மாதம் வரை உதவி தருமளவுக்கு வளர்ந்தது. ஆட்குறைப்பு என்று தாளில் எழுதப்பட்டவனுக்கு 24 மாதம்! "நாளை முதல் வராதே" என்று வாயால் விரட்டப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கோ 90 நாள்! வயிறு, தாளைப் படித்துப் பார்த்துவிட்டா பசிக்கிறது?

"உதவியை நீட்டினால் சோம்பல் வளரும்" என்பர் வயிறு நிறைந்தோர். பாதிக் கூலியை வாங்கிக் கொண்டு, முழு வாடகை கட்டி, சோம்பிக் கிடக்கும் கலையை அவர்களே கற்றுத் தரட்டும்! பிச்சையா கேட்கிறோம்? 2019 ஜூலை முதல் வகுக்கப்பட்ட விகிதப்படி, 100 ரூபாய்க் கூலியில் தொழிலாளி செலுத்துவது 75 காசு. முதலாளி செலுத்துவது 3 ரூபாய் 25 காசு. மருத்துவமும் உதவியும் இந்த நிதியிலிருந்தே. உழைப்பிலே விளைந்த பணம், உழைத்தவன் வீழ்ந்தபோது தாங்குவது தருமமன்று, கடமை!

பொதுவுடைமை நாட்டை அல்ல, முதலாளித்துவத்தின் கோட்டையாம் அமெரிக்காவையே காட்டுவோம். 1935-இல் சட்டம் கண்டு, பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம் உதவி என்ற நிலைக்கு வந்தது அந்நாடு. வேலையின்மை மிகும் காலத்தில் மேலும் 13 வாரம் நீட்டிக்க 1970-இல் தனிச் சட்டமும் செய்தது. குறைகள் அங்கும் உண்டு. எனினும், ஊரிலே வேலை இல்லாதபோது நாட்களை எண்ணிக் கதவடைப்பது அறமன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது!

நாம் கேட்பது மூன்று. 90 நாளை 26 வாரமாக்குக! ஆயுளில் ஒரு முறை என்ற விதியை அகற்றுக. ஆயுளில் ஒருமுறைதான் வேலை போகும் என்று எந்த முதலாளி எழுதிக் கொடுத்தான்? வாய்ச்சொல்லால் நீக்கப்பட்டவனையும் ஆட்குறைப்புக்கு ஆளானவனாகவே கொள்க!

முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் வரை நம் குரல் ஓயாது!