குறட்டைக்கு யார் பணம் கட்டுவது?

ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் விடும் குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கிறதா? 'பாவம், அசதியில தூங்கறார்' என்று விட்டுவிடாதீர்கள். அது 'ஸ்லீப் அப்னியா'வாக இருக்கலாம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நிலைமை கடுமை. ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் இது வழிவிடும். வண்டி ஓட்டுபவர் என்றால் பகலிலேயே கண் சொக்கும்.

வைத்தியம் இருக்கிறது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் 'சிபேப்' மெஷின் 1981-லேயே வந்துவிட்டது. ஆனால், பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசிகளில் இதற்குப் பணம் கிடையாது. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனாலும் கிடையாது.

வேடிக்கையைக் கேளுங்கள். பி.எம்.ஐ. 35-ஐத் தொட்டு, கடுமையான ஸ்லீப் அப்னியாவும் இருந்து, மற்ற வைத்தியம் பலிக்காவிட்டால், உடல் பருமனுக்கான ஆபரேஷனை ஏற்கலாம் என்கிறது 2020-ல் அமலுக்கு வந்த விதி. கத்தி வைத்தால் காசு, மூச்சு விட வைத்தால் இல்லையா? நாளைக்குப் பக்கவாதம் வந்தால் ஆஸ்பத்திரி பில்லை இதே கம்பெனிதானே கட்டவேண்டும்?

மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் மெஷினுக்குப் பணம் உண்டு. அங்கே முடிவது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? பாலிசி எடுக்கும்போதே, 'சிபேப் மெஷினுக்கு உண்டா?' என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் நியாயம் பிறக்கும். அதுவரை காத்திருக்காமல், டாக்டரை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்!