ஒரு பொட்டுக் குருத்து!



வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் போனால், வழியோரக் கடைகளில் சின்னச் சின்ன மலைவாழைப் பழங்கள் சீப்புச் சீப்பாகத் தொங்குவதைப் பார்க்கலாம். அதில் ஒரு ரகம்தான் விருப்பாட்சி. மணம் அதிகம், நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப் பழத்தையே தேடி வாங்குகிறார்கள். அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பழம் நம் மலையை விட்டே போயிருக்க வேண்டியது! கீழ்ப்பழனி மலைப் பகுதியில் ஒரு காலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, சில பத்து ஆண்டுகளில் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

எதனால்? முடிக்கொத்து நோய். இதை உண்டாக்குவது ஒரு வைரஸ். வாழையின் சாற்றைக் குடிக்கும் அசுவினி என்ற குட்டிப் பூச்சி, இதை மரத்துக்கு மரம் கொண்டு போகிறது. நோய் வந்த வாழையின் இலைகள் குட்டையாகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இளங்கன்றில் வந்துவிட்டால் தார் போடாது. இதைக் குணப்படுத்த மருந்தும் கிடையாது.

நாம் சாப்பிடும் வாழையில் முளைக்கும் விதை இல்லை அல்லவா? தாய் மரத்தின் பக்கக்கன்றைப் பெயர்த்துத்தான் நடுகிறோம். தாய்க்கு நோய் இருந்தால் கன்றுக்கும் இருக்கும். பக்கத்து ஊருக்கு ஆசையாகக் கொடுத்தனுப்பும் கன்றோடு நோயும் சேர்ந்து பயணம் போகும். பிறகு நோயில்லாத கன்றுக்கு எங்கே போவது?

இதற்கு வழி காட்டியது யார் தெரியுமா? ஓர் அழகுச் செடி! கொடைக்கானல் பூங்காவில் பெரிய பெரிய பூக்களோடு நிற்குமே, டேலியா, அதுதான். 1952-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் மோரெல், மார்ட்டின் இருவரும் வைரஸ் பிடித்த டேலியாவின் நுனிக் குருத்தை மட்டும் வெட்டி எடுத்து வளர்த்தார்கள். அதிலிருந்து நோயற்ற செடி கிடைத்தது! செடி முழுவதும் வைரஸ் இருந்தாலும், வேகமாக வளரும் குருத்தின் உச்சியை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்த உச்சி, குண்டூசித் தலையைவிடச் சிறியது. 1960-ல் மோரெல் இதே முறையில் ஆர்க்கிட் பூச்செடியையும் பெருக்கிக் காட்டினார். இதைத்தான் திசு வளர்ப்பு என்கிறோம்.

சரி, ஒரு பொட்டுக் குருத்து எப்படி முழுச் செடியாகிறது? கிருமி நீக்கிய கண்ணாடிப் புட்டியில் மண் கிடையாது. கடல்பாசியில் செய்த அகர் கூழ், சர்க்கரை, உப்புச்சத்துகள், வைட்டமின்கள் இருக்கும். இவற்றோடு செடிகளின் ஹார்மோன்களும் சேரும். முக்கியமானவை இரண்டு: ஆக்சின், சைட்டோகைனின்.

அமெரிக்காவில் ஸ்கூக், மில்லர் என்ற விஞ்ஞானிகள் 1957-ல் புகையிலைத் திசுவை வைத்து ஓர் அருமையான உண்மையைச் சொன்னார்கள். சைட்டோகைனின் கூடினால் தளிர் வரும். ஆக்சின் கூடினால் வேர் வரும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் தளிரும் இல்லாமல் வேரும் இல்லாமல் வெறும் திசுக் கட்டியாகவே பெருகும். சாம்பாரில் புளியும் உப்பும் போல அளவில்தான் எல்லாம் இருக்கிறது!

இன்னொரு வியப்பு: நாம் குடிக்கும் தேங்காய்த் தண்ணீரிலும் சைட்டோகைனின் உண்டு. அந்தப் பெயரே பிறக்காத 1941-லேயே, ஊமத்தையின் இளங்கருவைத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

நம் மலைவாழைக்கும் இதே வழிதான் கைகொடுத்தது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விருப்பாட்சி வாழையின் நுனிக் குருத்தை வளர்த்தார்கள். வைரஸ் இல்லை என்று சோதித்த பிறகே பெருக்கினார்கள். வேர்விட்ட கன்றுகளை நிழல்வலையின் கீழ் வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, மலை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள்.

அதோடு கவலை தீர்ந்ததா? இல்லை, குழந்தைகளே! புட்டியிலிருந்து வரும் கன்று சுத்தமான கன்றுதான். நோயே அண்டாத கன்று அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் ஒரே ஒரு நோய் மரம் நின்றாலும், அசுவினி அங்கிருந்து வைரஸைக் கொண்டு வந்துவிடும். ஆகவே, ஒருவர் மட்டும் நல்ல கன்று நட்டால் போதாது. அக்கம் பக்கத்தார் அனைவரும் நோய் மரங்களைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். ஆய்வகம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி ஊர் ஒற்றுமையில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரு குருத்திலிருந்து வந்த ஆயிரம் செடிகளும் அச்சில் வார்த்தது போல ஒன்றுதான். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். உலகச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷெல்' என்ற வாழை, 1950-களில் பனாமா வாடல் நோயால் வணிகத் தோட்டங்களிலிருந்து மறைந்து போனது. எங்கு பார்த்தாலும் அதே ஒரு ரகத்தையே நட்டதுதான் காரணம். விருப்பாட்சி, சிறுமலை, நாட்டு வாழை, பூவன், ரஸ்தாளி என்று பல ரகங்களும் நம்மிடம் இருந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வாழை இருக்கிறதா? இந்த வாரம் உச்சி இலைகளை நன்றாகக் கவனியுங்கள். கொத்தாக நின்றால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அந்த மரத்தின் கன்றை யாருக்கும் கொடுக்க விடாதீர்கள். ஒரு பொட்டுக் குருத்து ஒரு மலையின் வாழையைக் காப்பாற்ற உதவியது. உங்கள் கூர்மையான கண்கள் ஒரு தோட்டத்தையாவது காப்பாற்றாதா என்ன?

அன்புடன்,
ஆசிரியர்