எத்தனை முறை சொன்னோம் என்பதா கணக்கு?



"பத்து முறை சொல்லிவிட்டேன், இன்னும் புரியவில்லையே!" வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் அன்றாடம் உதிர்க்கும் சொற்கள் இவை. இதில் தவறு யாருடையது என்னும் ஐயத்தை எனக்குள் எழுப்பியது ஒரு சிறிய வானொலிக் கருவி.

ஹாம் வானொலி ஆர்வலர்கள் பயன்படுத்தும் ‘டி.என்.சி.' எனும் கட்டுப்படுத்தி அது. கணினியில் தட்டச்சு செய்தவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒலியாக மாற்றி, வானொலிவழி அனுப்பும். 1978ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியால் நகர ஆர்வலர்கள் இம்முறையில் முன்னோடிகளாய் விளங்கினர். பொட்டலம் பிழையின்றிச் சேர்ந்தால் மறுமுனை ‘கிடைத்தது' என மறுமொழி தரும். மறுமொழி வராவிட்டால் கருவி அதையே மீண்டும் அனுப்பும்.

எங்கள் அறிவியல் கழக மாணவர்களுக்கு இதனைக் காட்ட, உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் வந்திருந்தார். அமைப்பு எண்களை இடும் பொறுப்பை நான் ஏற்றேன். ‘டிஎக்ஸ்டிலே' என்பது, வானொலி ஒலிபரப்பத் தொடங்கியபின் செய்தியை அனுப்புமுன் காத்திருக்கும் நேரம். அதன் ஓர் அலகு 10 மில்லிவினாடி. விரைவே நன்று என்றெண்ணி 10 என இட்டேன். அதாவது பத்தில் ஒரு வினாடி.

இணைப்புக் கிட்டவில்லை. ‘ரிட்ரை' எனும் மறுமுயற்சி எண்ணிக்கையை 10இலிருந்து 15ஆக உயர்த்தினேன். கருவி பதினைந்து முறையும் கூவிவிட்டு, எல்லை கடந்தது என அறிவித்து ஓய்ந்தது. மாணவர்கள் சிரித்தனர்.

நண்பர் மறுமுயற்சியைத் தொடவே இல்லை. டிஎக்ஸ்டிலேயை 40 ஆக்கினார். உடனே இணைப்புக் கிடைத்தது. பழைய வானொலி முழுமையாக விழித்தெழுமுன்னரே நான் பேசத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் செய்தியின் தலைப்பகுதி தொலைந்திருந்தது. தலையில்லாத செய்தியைப் பதினைந்து முறை அனுப்பினால் மட்டும் சேர்ந்துவிடுமா?

இரைச்சல் மிகுந்தால் ‘பாக்லென்' எனும் பொட்டல நீளத்தையும் குறைக்க வேண்டும் என்றார் அவர். 128 எழுத்துப் பொட்டலம், நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஏறத்தாழ ஒரு வினாடி செல்லும். அதில் ஒரு பிட் பிழையானாலும் பொட்டலம் முழுவதும் வீண். மேலும், அலைவரிசை பொதுச்சொத்து. நாம் வீணே கூவும் நேரமெல்லாம் பிற நிலையங்கள் காத்திருக்க நேரிடும்.

அன்றிரவு, வாசிப்பில் தடுமாறும் என் மாணவி ஒருத்தியை நினைத்தேன். அவள் வரியைக் கண்டுபிடிக்குமுன்னரே கேள்வியைத் தொடுத்து, விடை வராததால் அதே கேள்வியை உரத்துக் கேட்டவன் நான். வகுப்பும் அதுவரை காத்துக் கிடந்தது. மறுநாள் கேள்வியைப் பாதியாகச் சுருக்கினேன்; அவள் விரல் வரியில் நிற்கும்வரை பொறுத்தேன். மெல்லிய குரலில் விடை வந்தது.

குழந்தை இயந்திரமன்று, நானறிவேன். ஆயினும், பதினோராம் முறை சொல்லுமுன் இரண்டை மட்டும் பார்ப்போமே: கேட்பவர் ஆயத்தமா? சொல்வது அளவானதா?

சிந்திப்போம், செயல்படுவோம்.