ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள், ஒரே நேரத்தில் திறக்கிறோம்
விற்பனை இணையதளங்களில் உள்ளடக்கம் ஏற்றுகிறவர்களின் கோரிக்கைச் சாசனம்

நிறுவன உரிமையாளர்கள், விற்பனைப் பிரிவு மேலாளர்கள், தொழில்நுட்பப் பிரிவினர் கவனத்துக்கு:

கடையில் விலை மாறினால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டை ஒட்டிவிடலாம். இணையதளத்தில் ஒரு ஏசியின் விலை எத்தனை இடத்தில் இருக்கிறது? நாங்கள் உட்கார்ந்து எண்ணினோம். பொருளின் பக்கம், அது வரும் பட்டியல், முகப்பு பேனர், மாதத் தவணை அட்டவணை, ஒப்பிட்டுப் பார்க்கும் பக்கம், இவை எல்லாவற்றின் தமிழ் வடிவம், பிடிஎஃப் விலைப்பட்டியல், கூகுள் தேடலுக்குப் போகும் தரவு. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மாறினால்தான் அது ஒரு விலை. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். எது குறைவோ அதைத்தான் கேட்பார். நாங்களும் அப்படித்தான் கேட்போம்.

ஜிஎஸ்டி விகித மாற்றம் 2025 செப்டம்பர் 3 அன்று இரவு அறிவிக்கப்பட்டது, 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. நடுவில் பத்தொன்பது நாள் இருந்தது. எங்களில் சிலர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் அதில் பதினாறு நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசி மூன்று நாளில் வாட்ஸ்அப் குரூப்பில் எக்செல் ஷீட்டுகள் வந்து விழுந்தன. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’. மகாளய அமாவாசை ஞாயிறு ராத்திரி, விடிந்தால் கொலு. பன்னிரண்டு மணிக்கு நான்கு பேர் நான்கு வீடுகளில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக பப்ளிஷ் அழுத்திக்கொண்டிருந்தோம்.

ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் முன்பிருந்தே 18தான். அவற்றைத் தொடவே வேண்டியதில்லை. ஷீட்டில் அவையும் இருந்தன, மாற்றினோம். முகப்பு பேனரில் ‘10% விலைக் குறைப்பு’ என்று பளிச்சென்று எழுதியிருந்தது. 28இல் 18 போனால் 10 என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார். வரி இல்லாமல் 30,000 ரூபாய் விலையுள்ள ஏசி, 28 சதவீத வரியோடு 38,400. பதினெட்டோடு 35,400. குறைவது 3,000 ரூபாய், அதாவது எட்டு சதவீதம்கூட இல்லை. பேனரை நம்பிக் கணக்குப் போட்டவருக்கு 34,560 வர வேண்டும். அந்த 840 ரூபாய்க்காகத் திங்கட்கிழமை முழுக்க வசவு வாங்கியவர்கள் கால் சென்டர் பெண்கள்.

பேனரை ஒருவர் எழுதினார், விலையை இன்னொருவர் ஏற்றினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை. எங்கள் கோரிக்கைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

1. ஒன்றாகத் திறக்க வேண்டிய மாற்றங்கள் ஒரே கட்டாக எங்கள் கைக்கு வர வேண்டும். ‘ரிலீஸ்’ என்று நீங்கள் சொல்வதைத்தான் கட்டு என்கிறோம். அதற்கு ஒரு பெயர், திறக்கும் தேதி, உள்ளே இருக்கும் பக்கங்களின் பட்டியல், கடைசியாகச் ‘சரி’ சொல்லும் ஒரே ஒரு ஆள் வேண்டும். மூன்று மேலாளர்கள் மூன்று விதமாகச் சரி சொன்னால் அது எங்களுக்குச் சரி ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் படத்தை ஒப்புதலாக இனி ஏற்க மாட்டோம்.

2. திறப்பதற்கு முன் கட்டு முழுவதையும் தளத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். இதுதான் தலையாய கோரிக்கை. ஒவ்வொரு டிராஃப்டாகத் தனித்தனியே பார்ப்பதில் பயன் இல்லை. 22ஆம் தேதி காலையில் ஒருவர் முகப்பிலிருந்து ஏசி பக்கத்துக்குப் போய், தவணையைப் பார்த்து, கார்ட்டில் போட்டால் என்ன தெரியுமோ அது 19ஆம் தேதியே எங்களுக்குத் தெரிய வேண்டும். ட்ரூபலில் இதற்கு ‘வொர்க்ஸ்பேஸஸ்’ இருக்கிறது, வேறு சில தளக் கருவிகளிலும் ரிலீஸ் வசதி உண்டு. வாங்கித் தர மனமில்லை என்றால் ஸ்டேஜிங் சர்வரையாவது உயிரோடு வைத்திருங்கள். எட்டு மாதப் பழைய தளம் ஓடும் ஸ்டேஜிங்கில் எதைச் சோதிப்பது?

3. ‘ஷெட்யூல் போட்டாச்சு’ என்பதை வேலை முடிந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். வேர்ட்பிரஸ்ஸின் கடிகாரம் தானாக ஓடுவதில்லை. யாராவது தளத்தைத் திறந்தால்தான் அது விழித்து, நேரமாகிவிட்டதா என்று பார்க்கும். வருகிறவருக்குக் கேஷிலிருந்தே பக்கம் போய்விட்டால் அதுவும் இல்லை. நடுராத்திரி ஆளில்லாத நேரத்தில் பன்னிரண்டு மணிப் பதிவு பன்னிரண்டேகாலுக்குத் திறந்ததைப் பார்த்திருக்கிறோம். தளத்தின் நேரம் யூடிசியில் இருந்தால் கதையே வேறு. நீங்கள் போட்ட நள்ளிரவு இங்கே காலை ஐந்தரை. சர்வரில் முறையான கிரான் ஓட வேண்டும், நேரம் இந்திய நேரமாக இருக்க வேண்டும். திறந்த கையோடு கேஷைக் காலி செய்யத் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

4. தமிழ்ப் பக்கம் கட்டுக்குள்ளேயே வர வேண்டும். ‘இங்கிலீஷ் லைவ் போகட்டும், தமிழ் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு இனி வேண்டாம். அந்த அப்புறம் பொங்கல்வரை வரவில்லை.

5. கட்டை மூடிய பிறகு உள்ளே எதையும் செருகக் கூடாது. மூடியிருக்கும் நாட்களில் நேரடித் தளத்தில் அவசரத் திருத்தம் செய்தால் கட்டுக்குள்ளும் அதைச் செய்ய வேண்டும். ஒரு கிளையின் தொலைபேசி எண்ணை வெள்ளிக்கிழமை திருத்தினோம். கட்டுக்குள் புதனன்று எடுத்த பழைய பிரதி இருந்தது. திங்களன்று தப்பான எண் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது.

6. பிடிஎஃப், படம் போன்ற கோப்புகளை முன்கூட்டியே பொதுவில் ஏற்றச் சொல்லாதீர்கள். இணைப்பு கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். 2025 நவம்பர் 26 அன்று பிரிட்டனில், நிதியமைச்சர் பட்ஜெட் உரையைத் தொடங்கும் முன்பே பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் அறிக்கை செய்தியாளர்கள் கைக்குப் போய்விட்டது. பக்கத்தில் இணைப்பு இல்லை. ஆனால் கோப்பு ஏற்கெனவே ஏறியிருந்தது, முந்தைய அறிக்கையின் முகவரியை வைத்து இதன் முகவரியை ஊகிக்க முடிந்தது. ‘பிரைஸ்லிஸ்ட்-ஆகஸ்ட்’ என்று ஒரு கோப்பு இருந்தால், செப்டம்பர் கோப்பின் பெயரைக் கண்டுபிடிக்கப் போட்டிக் கடைக்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

7. அந்த விவகாரத்தில் சில நாட்களிலேயே பதவி விலகியவர் அலுவலகத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ். இங்கே ஏதாவது நடந்தால் பப்ளிஷ் அழுத்தியவரின் பெயரைத்தான் தேடுகிறீர்கள். சரி சொன்னவர் யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

8. கட்டாகத் திறந்ததைக் கட்டாகவே திருப்பும் வசதி வேண்டும். பேனரை மட்டும் பழையதாக்கிவிட்டு விலையைப் புதியதாக விட்டுவைப்பது, திறக்காமலே இருந்ததைவிட மோசம். திருப்புவதா வேண்டாமா என்பதைப் பதினைந்து நிமிடத்தில் முடிவு செய்யும் ஆளின் பெயர் கட்டின் மேலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் போனை எடுக்க வேண்டும்.

9. நள்ளிரவுக்குச் சட்டமே நாள் குறித்தால் ராத்திரி வருகிறோம், மறுநாள் விடுப்பு கொடுங்கள். சட்டம் சொல்லாத இடத்தில் நள்ளிரவு எதற்கு? வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம்.

ஆடித் தள்ளுபடி ஜூலை நடுவில் தொடங்கும். அந்தக் கட்டை ஜூன் மாதமே தொடங்கி, சரி சொல்கிறவரின் பெயரை எழுதிக் கொடுங்கள். திறக்கும் நேரம் காலை பதினொரு மணி என்று போடுங்கள். அப்போது எல்லாரும் அலுவலகத்தில் இருப்போம்.