சோறு கெட்டது, சாலை நின்றது!

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெரிய சாலை. இரவு பகல் எந்நேரமும் லாரிகளும் பஸ்களும் ஓடிக்கொண்டே இருக்கும். 2021-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. விடிந்தும் நகரவில்லை.

நிறுத்தியவர்கள் யார்? பெண்கள்! அவர்களில் பெரும்பாலோருக்கு இருபது வயதுதான் இருக்கும். பாக்ஸ்கான் தொழிற்சாலையில், பாகம் பாகமாகச் சேர்த்து ஐபோன் செய்கிறவர்கள்.

சம்பளத்தைக் கூட்டிக் கொடு என்று அவர்கள் சாலைக்கு வரவில்லை. போனஸ் கேட்டும் வரவில்லை. தங்களோடு ஒரே விடுதியில் இருந்த பெண்கள் உயிரோடு இருக்கிறார்களா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார்கள்.

என்ன நடந்தது?

இரண்டு நாள் முன்னதாக, ஒரு விடுதியில் சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பு கெட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சமாளித்தவர்கள் இன்னும் சுமார் நூறு பேர்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விடுதிக்குப் போய்ப் பார்த்தார்கள். சமையல் கூடத்தில் எலிகள்! சாக்கடைத் தண்ணீர் போக ஒழுங்கான வழி இல்லை. சமையல் கூடத்தை மூடிவிட்டார்கள்.

இது ஒரே நாளில் வந்த வினை அல்ல. ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை அடைந்து கிடந்தார்கள். தரையில் படுத்துத் தூங்கினார்கள். சில விடுதிகளின் கக்கூசில் தண்ணீர் வராது. அவர்களுக்கு அப்போது மாதச் சம்பளம் ஏறக்குறைய 10,500 ரூபாய். இந்த அறைக்கும் இந்தச் சோற்றுக்கும் அதிலிருந்துதான் பணம் கொடுத்தார்கள். சும்மா போட்ட சோறு அல்ல அது!

நம் வீட்டில் குழம்பில் உப்புக் கூடிவிட்டால் என்ன செய்கிறோம்? "என்னம்மா, இன்றைக்கு உப்பு அதிகம்" என்கிறோம். மறுநாள் சரியாகிவிடுகிறது. சொல்வதற்கு ஆள் இருக்கிறது. கேட்பதற்கும் ஆள் இருக்கிறது. அந்த விடுதியில் இருந்த பெண் யாரிடம் சொல்வாள்?

யார் முதலாளி?

இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் அல்ல. போனின் மேல் இருக்கும் பெயர் ஆப்பிள். அது அமெரிக்கக் கம்பெனி. போனைச் செய்து கொடுப்பது பாக்ஸ்கான். அது தைவான் தீவின் கம்பெனி. பெண்களை ஊர் ஊராகப் போய் வேலைக்குச் சேர்த்தவர்களில் பலர் கண்டிராக்டர்கள். தங்கும் இடத்தையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டதும் கண்டிராக்டர்தான்.

எலி ஓடுகிறது என்று விடுதியில் சொன்னால், கண்டிராக்டரைக் கேள் என்பார்கள். கண்டிராக்டரோ கம்பெனியைக் காட்டலாம். கம்பெனி மறுபடியும் விடுதியைக் காட்டலாம். வட்டமாகச் சுற்றி வரவேண்டியதுதான்.

கண்டிராக்டர் கூலி கொடுக்காமல் போனால் கம்பெனிதான் கொடுக்கவேண்டும் என்று 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும். செலவுக்குப் பணம் வேண்டும். கிராமத்திலிருந்து முதல் முதலாக வெளியே வந்த பெண்ணுக்கு அதெல்லாம் எட்டுகிற காரியமா?

கம்பெனிகளின் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. புது மாடல் போன் வரும் மாதங்களில் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். விற்பனை குறையும் மாதங்களில் அத்தனை பேர் வேண்டியதில்லை. அதனால் கண்டிராக்டரை வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொழிற்சாலையில் அப்போது சுமார் 17,000 பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேருக்கும் இடமும் சாப்பாடும் தருவது லேசான வேலை அல்ல. ஆனால் லேசான வேலை அல்ல என்று தெரிந்துதானே அவர்களை அழைத்து வந்தார்கள்?

வதந்தி பிறந்தது

ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எங்கே என்று கேட்டால் மனம் ஆறும்படி பதில் இல்லை. இப்படி இருந்தால் என்ன நடக்கும்? சிலர் இறந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. செல்போனில் அது காட்டுத் தீபோலப் பரவியது.

அது பொய். ஒருவரும் இறக்கவில்லை. காஞ்சீபுரம் கலெக்டர் ஆர்த்தி நேரில் வந்து விளக்கினார். அதற்குள் சாலை பல மணி நேரம் நின்றுவிட்டது. போலீசார் பலரைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள்.

வதந்தியை நம்பியது தவறு என்று அந்தப் பெண்கள்மேல் பழி போடுவது எளிது. உண்மையைச் சொல்லவேண்டியவர்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் பொய்க்கு அங்கே வேலை இருந்திருக்காது. கலெக்டர் சொன்னதை ஒரு விடுதி மானேஜர் இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா?

தொழிற்சாலையை மூடினார்கள். மூடியிருந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று பாக்ஸ்கான் அறிவித்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பாக்ஸ்கான் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ந் தேதிதான் கதவு மறுபடியும் திறந்தது.

அடுத்து சர்க்கார் ஒரு காரியம் செய்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளிகளுக்கென்று பெரிய குடியிருப்பு கட்டியது. செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 13 கட்டடங்கள்; 18,720 பேர் தங்கலாம். அறைக்கு ஆறு பேர். 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதல் மந்திரி ஸ்டாலின் திறந்து வைத்தார். பாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். நல்ல காரியம்தான். பாராட்டவேண்டும்.

பெரம்பூர் கதை

சாப்பாட்டில் தொடங்கிய சண்டை சென்னைக்குப் புதிது அல்ல. நூறு வருஷங்களுக்கு முன் பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை செய்தவர்களுக்கும் இதே குறைதான். மத்தியானம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டும்.

செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இந்தக் குறையை வாடியா என்ற பார்சிக்காரரிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள்.

ஆலைக்காரர்கள் விடவில்லை. ஐகோர்ட்டுக்குப் போய், தொழிலாளிகளை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாது என்று வாடியாவுக்குத் தடை வாங்கினார்கள். சங்கத்துக்குச் சட்டத்தின் துணை இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பிறகே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சம்பளம் மட்டும் போதுமா?

வல்லம் வடகால் குடியிருப்பு திறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். 2024 செப்டம்பர் 9-ந் தேதி, சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பிரிட்ஜ், டெலிவிஷன், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் செய்யும் ஆலை அது.

இவர்கள் விடுதிப் பெண்களைப்போல அல்ல. இந்த வட்டாரத்தில் இதே மாதிரி வேலைக்கு மற்றவர்கள் தருவதைப்போல 1.8 மடங்கு தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. தொழிலாளிகள் சம்பள உயர்வும் கேட்டார்கள், அதை மறைக்கவேண்டாம். ஆனால் பேச்சு மறுபடியும் மறுபடியும் முட்டிக்கொண்டு நின்ற இடம் வேறு. எங்கள் சங்கத்தைச் சங்கம் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்கள். அது சி.ஐ.டி.யு.வைச் சேர்ந்த சங்கம். எங்கள் தொழிலாளிகளோடு நேரே பேசுகிறோம், இடையில் வெளியார் எதற்கு என்பது கம்பெனியின் எண்ணம். சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக் கூடாது என்றும் ஆட்சேபித்தது!

37 நாள் நடந்தது. இடையிலே, ஒரு தொழிலாளர் குழுவோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. மாதம் 5,000 ரூபாய் சில மாதங்களுக்கு உண்டு என்றது. வெளியே இருந்தவர்கள் மசியவில்லை. ஐயாயிரம் ரூபாய் யாருக்குக் கசக்கும்? அதை வேண்டாம் என்று பந்தலில் உட்கார்ந்தார்கள் என்றால், மனக்குறை பணத்தோடு நிற்கவில்லை என்றுதானே ஆகிறது? மந்திரிகள் பேசி, அக்டோபர் 15-ந் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது.

சங்கத்தைப் பதிவு செய்வதற்கு ஐகோர்ட்டு வரை போகவேண்டியிருந்தது. கடைசியில் 2025 ஜனவரியில் பதிவு ஆயிற்று. பெரிய வெற்றி என்று இனிப்பு கொடுக்கலாம். ஆனால் பதிவு வேறு. பேச்சுக்கு அழைப்பது வேறு. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே தீரவேண்டும் என்று 1926 சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. பிப்ரவரியிலேயே சங்க நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

புதிய சட்டம்

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் போய், மத்திய சர்க்காரின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஓர் ஆலையில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தின் பக்கம் இருந்தால், முதலாளி அந்தச் சங்கத்தோடுதான் பேசவேண்டும் என்று இதில் இருக்கிறது. பின்னி ஆலைக்காலம் முதல் கேட்டு வந்த வரி!

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முன்னதாக நோட்டீசு கொடுத்து, 14 நாள் பொறுத்து, அதற்குப் பிறகுதான் வேலைநிறுத்தம் செய்யலாம். எந்தத் தொழிற்சாலையானாலும் இதுதான் விதி. கெட்ட சோற்றைத் தின்று தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பதினான்கு நாளை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது. 2021-ல் அந்தப் பெண்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள்.