ஊசிக்குப் பயந்தவர்கள் யார்?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு முதலிய கிராமங்களின் மீனவ மக்கள் அறிவில்லாதவர்கள் என்றும், 2021-ஆம் வருஷத்தில் கொரோனாத் தடுப்பூசி போட சர்க்கார் ஆட்கள் வந்தபோது அவர்கள் படகேறி ஓடிப்போனார்கள் என்றும், பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலர் இன்றுவரையில் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருகின்றார்கள். சில மாதங்களுக்கு முன் பொன்னேரியில் ஒரு கலியாண வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. பேசியவர் பட்டம் பெற்றவர். நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வலது கையில் மந்திரித்த கயிறு மாத்திரம் மூன்று நிறத்தில் இருந்தது. அவருக்கு அங்கேயே பதில் சொல்லத் தொடங்கினோம். பந்திக்கு இலை போட்டுவிட்டபடியால் பாதியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பாக்கியை இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது, இந்த விஷயத்தில் நாமும் யோக்கியர்கள் அல்ல என்பதை ஒப்புக்கொண்டு விடுகின்றோம். 2021 ஏப்ரல் கடைசியில் தோழர்கள் இரண்டு பேரோடு நாம் தோணிரேவுக்குப் போய், வலை காய்கின்ற இடத்தில் நின்று, கிருமி என்றால் என்ன, ஊசி என்ன செய்கின்றது என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வயதான ஓர் அம்மாள், ஏரியில் இறங்கிக் கையாலே எறா தடவிப் பிழைக்கின்றவர், நம்மைப் பார்த்து, “இவ்ளோ சொல்றியே, நீ போட்டுக்கினியா நைனா?” என்றார். “இல்லை ஆயா, நாற்பத்தைந்து வயசு ஆனவர்களுக்குத்தான் இப்போது போடுகின்றார்கள், எனக்கு இன்னும் ஆகவில்லை” என்றோம். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினபின் அந்த ஆயா, “ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல் வரும்னு நீயே சொல்ற. அந்த ரெண்டு நாளு எறாவுக்கு யாரு போவா? என் வூட்டு ஒலைக்கு அரிசி நீ போடுவியா?” என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. வைரஸின் உருவத்தைப் பற்றி நாம் படித்திருந்தோம். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் அடுப்பில் என்ன ஏறும் என்பதைப் பற்றி யோசித்துக்கொண்டு போகவில்லை. திரும்பி வரும்போது நம் தோழர் ஒருவர், “இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது” என்றார். நாமும் ஆமாம் என்று தலையை ஆட்டினோம். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஊரில் அன்றைக்குக் கேட்ட பயங்கள் என்னென்ன? கூலி போகும் என்பது ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போனவனைத் திரும்ப முகம்கூடப் பார்க்க முடியாமல் மூட்டை கட்டிப் புதைக்கின்றார்கள், ஆகையால் அந்த வாசல் பக்கமே போகக்கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது, நடிகர் விவேக் சங்கதி. சினிமாவில் மூடப்பழக்கங்களைக் கிண்டல் செய்து பேர் வாங்கின அந்தக் கலைஞர், ஜனங்களுக்குத் தைரியம் உண்டாக வேண்டும் என்பதற்காகவே ஏப்ரல் 15-ந் தேதி சென்னை ஓமந்தூரார் அரசாங்க ஆஸ்பத்திரியில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி காலையில் மாரடைப்பில் இறந்து போனார். இரத்தக் குழாய் அடைப்பே காரணம், ஊசி அல்ல என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். மத்திய சர்க்காரின் நிபுணர் குழு விசாரித்து, ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன முடிவு அக்டோபர் மாதத்தில்தான் வெளிவந்தது. செய்தி ஊர் ஊராய்ப் பரவ ஆறு மணி நேரம். சர்க்காரின் முடிவு வர ஆறு மாதம். இடையில் ஒரு மனிதன் பயந்தால் அவனை மூடன் என்பதா?

இந்த மூன்று பயங்களில் எதுவும் கடவுள் பேரால் வந்ததல்ல, தோழர்களே! கூலிப் பயம் கணக்கு. ஆஸ்பத்திரிப் பயம் கண்ணால் கண்டது. நடிகர் சங்கதி, இரண்டு நாளில் அடுத்தடுத்து நடந்ததைக் காரணமும் காரியமுமாக முடிச்சுப் போட்ட பிசகு. பிசகுதான். ஆனால் எடுத்துச் சொன்னால் திருந்தக்கூடிய பிசகு.

இனி, கடவுள் பேரால் நடந்தவைகளைப் பார்ப்போம். அவை எந்தக் குப்பத்தில் நடந்தன? 2020 மார்ச் 22-ந் தேதி மாலையில் மாடி வீட்டில் நின்று தட்டைத் தட்டியவர்கள் யார்? தட்டின ஓசையின் அதிர்வில் கிருமி சாகும் என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினவர்கள் யார்? கோமியம் குடித்தால் கொரோனா வராது என்று டில்லியிலே கூட்டம் போட்டுக் குடித்தவர்கள் எறா தடவுகின்றவர்களா? 2021 பிப்ரவரியில் ஒரு சாமியார் கம்பெனி கொரோனாவுக்கு மருந்து என்று ஒரு மாத்திரையை வெளியிட்ட மேடையில், இந்தியாவின் சுகாதார மந்திரியாயிருந்த டாக்டர் ஹர்ஷ்வர்த்தன் உட்கார்ந்திருந்தார். அந்த மருந்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று இருப்பதாகப் பேச்சு கிளம்ப, அந்நிறுவனம் தாங்கள் எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் அப்படிச் சான்று கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. ஏப்ரலில் நோய் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கையில் அரித்துவாரத்தில் கும்பமேளாவுக்கு லட்சக்கணக்கான பேர் கூடி முழுகினார்கள். அதைத் தடுக்க எந்தச் சர்க்காருக்கும் மனம் வரவில்லை. வடக்கே மாத்திரமா? மே மாதத்தில் நமது கோயமுத்தூர் ஜில்லா இருகூரிலே, காமாட்சிபுரி ஆதீனத்தில், ‘கொரோனா தேவி’ என்று கருங்கல்லில் ஒரு சிலை செய்து வைத்து 48 நாள் யாகம் நடத்தினார்கள். மாரியம்மனையாவது நம் முன்னோர்கள் கிருமி என்பது இன்னதென்று தெரியாத காலத்தில் உண்டாக்கினார்கள் என்று சமாதானம் சொல்லலாம். கிருமியின் படம் பத்திரிகைகளில் அச்சாகிக்கொண்டிருக்கும் காலத்தில் அதற்கு ஒரு சேலையைக் கட்டினவர்களுக்கு என்ன சமாதானம்?

தெய்வம் கொடுத்த நோய் என்று மேலே இருப்பவன் சொன்னால் அது பக்தி. ஊசி வேண்டாம் என்று கீழே இருப்பவன் சொன்னால் அது அறியாமை!

நிற்க. ஊசியையாவது ஒழுங்காய்க் கொடுத்தார்களா? கோவாக்சின் என்கின்ற ஊசிக்கு, அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பலன் வெளிவருமுன்னே, 2021 ஜனவரி 3-ந் தேதி அனுமதி கொடுத்தார்கள். பின்னால் வந்த பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் முன்னால் கேட்டவனைத் தேசத் துரோகி என்று சொன்னது நன்றாயில்லை. கேள்வி கேட்பதுதானே விஞ்ஞானம்! கோவிஷீல்டு என்பதற்கோ மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாகாண சர்க்காருக்கு 400 ரூபாய், தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 ரூபாய் என்று ஒரே ஊசிக்கு மூன்று விலை சொன்னார்கள். சத்தம் கிளம்பின பிறகு 400-ஐ 300 ஆக்கினார்கள். ஜூன் 21-ந் தேதிக்குப் பிறகே பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் மத்திய சர்க்கார் செலவில் இலவசம் என்றாயிற்று. அதற்குமுன் இருந்த ஏற்பாட்டை, எதேச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று தோன்றுவதாக சுப்ரீம் கோர்ட்டே மே 31-ந் தேதி உத்தரவில் எழுதிற்று.

பதினெட்டு முதல் நாற்பத்துநான்கு வயது வரையில் உள்ளவர்கள் ‘கோவின்’ செயலியில் பதிவு செய்துகொண்டுதான் வரவேண்டும் என்றார்கள். நமக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடப் பழைய புஸ்தகக் கடையில் படித்ததே அதிகம். மே மாதம் முழுவதும் அந்தச் செயலியை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாட்டில், இடம் காலி என்று காட்டும், விரலை வைப்பதற்குள் நிரம்பிவிட்டது என்று சொல்லும். ஜூனில் மற்ற பாஷைகளைச் சேர்த்தபோதும் முதலில் தமிழ் இல்லை. கேட்ட பிறகே வந்தது. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்துக்கொள்வார்கள். அதிலே சாதி பார்த்து ஆளைச் சேர்க்கின்ற அயோக்கியத்தனம் இருக்கின்றது; அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஆனால் சேர்ந்தவனுக்கு முறை என்பது வந்தே தீரும். டில்லியில் படித்த நிபுணர்கள் செய்த ஏற்பாட்டில் விரல் வேகமுள்ளவனுக்கும் நல்ல போன் உள்ளவனுக்கும்தான் முறை வந்தது.

‘ஜனங்களுக்கு உண்மையைச் சொன்னால் புரியாது, ஏதாவது கதை சொல்லித்தான் இணங்கச் செய்ய வேண்டும்’ என்கின்ற அகம்பாவம் இன்று நேற்று வந்ததல்ல. 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் பசு அம்மைப்பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802-இல் அது பம்பாய்க்கு வந்து, பிறகு சென்னைக்கும் வந்தது. ஜனங்கள் தயங்கினார்கள். சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர், என்ன செய்தார் தெரியுமா? சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாகத் தமிழில் ஒரு கதை கட்டினார். பசுவின் அம்மைப்பால் அம்பாளே கொடுத்த வரம் என்பது அதன் சாரம். எண்ணம் நல்லதாயிருக்கலாம். ஆனால் மெய்யைப் பொய்யின் முதுகில் ஏற்றி அனுப்பினால் பொய்தான் ஊர் போய்ச் சேரும். அந்தக் காலத்தில் இப்படித் தன்வந்திரி பேரால் கிளம்பின எழுத்துக்களைக் காட்டியே, ஜென்னருக்கு முன்னமேயே எங்கள் ரிஷிகளுக்கு அம்மை குத்தத் தெரியும் என்று பின்னால் வந்த வைதீகர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள்!

ஆனால் பெரியம்மையை ஒழித்தது எது? கிண்டியில் 1899-இல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுத்த அம்மைப்பாலும், அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊர் ஊராய் நடந்த அம்மை குத்துகிற ஆட்களும்தான். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஆடி மாதக் கூழ் மாத்திரம் நிற்கவில்லை.

எதிர்த்தவர்களிலும் படித்தவர்கள் குறைவா? 1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி வேண்டாம் என்று நாடெங்கும் எழுதியும் பேசியும் வந்தவர், கவர்னர் ஜெனரலாயும் முதல் மந்திரியாயும் இருந்த இராஜகோபாலாச்சாரியார். 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் பரப்பினவர்களும், மருண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நிறுத்தினவர்களும் கையில் போன் வைத்திருந்தவர்களே.

ஊசியில் கெடுதலே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக மிக அபூர்வமாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கோளாறு வந்தது உண்மை. 2021-லேயே ஐரோப்பாவில் அதைப் பகிரங்கமாய்ப் பேசினார்கள். இங்கே அதை ஜனங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னது போதாது. நோயினால் வரும் ஆபத்து இவ்வளவு, ஊசியினால் வரும் ஆபத்து இவ்வளவு, இந்த அடையாளம் கண்டால் உடனே வா என்று சொல்லியிருந்தால் எந்த மீனவனுக்குப் புரியாது? ஒவ்வொரு நாளும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகின்றவன், அலையைப் பார்த்து இன்றைக்குப் போகலாமா கூடாதா என்று தீர்மானிக்கின்றவன். ஆபத்தை நிறுத்துப் பார்க்க அவனுக்கு யாரும் வகுப்பு நடத்த வேண்டியதில்லை.

இதற்கு ருசு வேண்டுமானால் 2021 செப்டம்பர் 12-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். தமிழ்நாடு சர்க்கார் அன்றைக்கு நாற்பதினாயிரம் இடங்களில் முகாம் போட்டு 20 லட்சம் பேருக்கு ஊசி போடுவதென்று நினைத்தது. 28 லட்சத்துக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். செயலி வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், காசு வேண்டாம் என்றதும் ஓடிப்போன ஜனங்கள் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள்! நம்மைக் கேள்வி கேட்ட ஆயாவும் அந்த மாதத்தில்தான் போட்டுக்கொண்டார். நம் பிரசங்கத்தினால் அல்ல. ஊசி போட்ட நர்சுப் பெண், “காய்ச்சல் வந்தா இந்த மாத்திரையைப் போடு ஆயா, நாளைக்கு நானே வந்து பாக்கறேன்” என்று சொன்னதாம். சொன்னபடி மறுநாள் வந்து பார்த்ததாம். ஆயாவுக்கு அரைநாள் உடம்பு வலித்தது. மறுநாள் எறாவுக்குப் போய்விட்டார்.

இப்போது இதை ஏன் எழுதுகின்றோம் என்றால், கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்குக் காரணமான கிருமியைத் தடுக்கும் ஊசியைப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாய்ப் போடுவதென்று தமிழ்நாடு சர்க்கார் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. கலியாண வீட்டில் இதை நாம் எடுத்தவுடன், மூன்று நிறக் கயிறு கட்டிய அந்தப் பெரியவர், “நம் வீட்டுப் பெண்களுக்கு அதெல்லாம் வேண்டாமய்யா, பிள்ளை பிறக்காமல் போய்விடுமாம், எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது” என்றார். அது பொய். அந்த ஊசிக்கும் பிள்ளை பிறப்புக்கும் சம்பந்தமில்லை. அதைப் போட்டுக்கொண்ட பெண்கள் பல தேசங்களில் இன்று தாய்மாராக இருக்கின்றார்கள்.

தோணிரேவு ஆயாவுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பேத்தி இருக்கின்றாள். போன வாரம் அந்த ஊர்த் தோழர் ஒருவர் வந்தபோது, ஆயா நம்மை ஒரு விஷயம் விசாரித்துச் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். பேத்திக்கு அந்த ஊசியை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள், என்றைக்குப் போடுவார்கள், அன்றைக்கு எறாவுக்குப் போகாமல் தான் கூட வரவேண்டுமா என்பதே அது. திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து நேரே தோணிரேவுக்குப் போகின்றோம்.