எட்டு வரிசை, பத்தொன்பது வரிசை

ஜூன் 5 வந்தால் போதும், பள்ளி வாட்ஸ்அப் குரூப்களில் 'பூமியைக் காப்போம்' போஸ்டர்கள் வந்து குவியும். முன்பெல்லாம் அவற்றில் ஸ்கெட்ச் பேனா தீற்றல் இருக்கும். பூமி கொஞ்சம் கோணலாக இருக்கும். இப்போது எல்லா பூமியும் ஒரே பளபளப்பு. ஏஐ வரைந்து தந்தது! மரம் நடச் சொல்லும் அந்தப் படத்துக்காக எங்கோ மின்சாரமும் தண்ணீரும் செலவானது மட்டும் படத்தில் தெரியாது.

அந்த 'எங்கோ'வுக்குப் பெயர் டேட்டா சென்டர். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடும் கட்டடம். அந்தச் சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிறு நகரம். 2021-ல் அந்த ஊர் பயன்படுத்திய தண்ணீரில் கால் பங்குக்கு மேல் கூகுளின் டேட்டா சென்டர்களுக்கே போனது. நம் சென்னையை ஒட்டி சிறுசேரி, அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன.

'நான் கேட்கும் ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும்?' நியாயமான கேள்விதான். ஜெமினியில் வழக்கமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரமும் ஐந்து சொட்டுத் தண்ணீரும் ஆகின்றன என்று 2025-ல் கூகுளே கணக்குச் சொன்னது. அதன்படி, ஒரு யூனிட் கரண்டில் 4,000 கேள்விகள் கேட்டுவிடலாம். ஆனால், சொட்டுகள் சேர்கின்றனவே! உலக டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து 2024-ல் செலவழித்தது சுமார் 41,500 கோடி யூனிட். 2030-ல் இது சுமார் 94,500 கோடியாகும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இதில் நம் போட்டோ, வீடியோ, பேங்க் கணக்கு எல்லாமே அடக்கம். ஆனால், இந்த வேக வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் ஏஐ.

41,500 கோடி... படித்த மறுநிமிடம் மறந்துவிடும் எண். இங்கேதான் கைவேலை உதவுகிறது.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பருவநிலை விஞ்ஞானியாக இருந்த எல்லி ஹைவுட், 2017-ல் குரோஷா ஊசியில் ஒரு போர்வை பின்னினார். ஆண்டுக்கு ஒரு கோடு. அந்த ஆண்டின் உலக வெப்பநிலைக்கு ஏற்ற நிறம். அதைப் பார்த்துத்தான், அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் வெப்பக் கோடுகளை 2018-ல் வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவிய அந்தப் படத்துக்கு விதை, ஒரு கம்பளிப் போர்வை!

அதே வழியில் ஏஐ கணக்கையும் பின்னலாம். 5,000 கோடி யூனிட்டுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-க்கு எட்டு வரிசை, 2030-க்குப் பத்தொன்பது வரிசை. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

வீட்டுக் கணக்கையும் சேர்க்கலாம். ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு வரிசை. ஏஐயைத் தொடாத நாளுக்கு நீலம், தேவைக்குக் கேட்ட நாளுக்குப் பச்சை, பொழுதுபோகாமல் படமும் வீடியோவும் செய்யச் சொன்ன நாளுக்குச் சிவப்பு. யாரையும் திட்ட வேண்டாம், நிறமே பேசும்.

இதற்கென்று புது நூல் வாங்காதீர்கள். கடையில் கிடைக்கும் உல்லன் நூலில் பெரும்பாலானது அக்ரிலிக், அதுவும் பிளாஸ்டிக்தான். மிச்ச நூல், பிரித்தெடுத்த பழைய ஸ்வெட்டர் போதும். குரோஷா வராதா? பழைய புடவைக் கிழிசலைப் பின்னலாகப் போட்டுத் தைத்தாலும் சரி.

பத்தொன்பதாவது வரிசையை முடிப்பதற்குள் கை வலிக்கும். வீட்டில் யாராவது 'இது என்ன?' என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது பின்னலை அவர்கள் கையில் கொடுத்து, வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள்.